நேர்ந்துவிட்ட சேவல்

கோழிக்கு ரவிக்கை தைத்தவள் இந்த மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், அப்போதும் சிரிக்கத்தான் செய்தார்கள். உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு காக்கித் துண்டு. இரண்டு பக்கமும் றெக்கை நுழைய நாடா. முதுகை மூடும், வால் பக்கம் திறந்திருக்கும். லாரி ஓட்டிய என் அண்ணனுடைய பழைய உடுப்பைக் கிழித்துத் தைத்தது. அதில் ஒன்று இன்னும் என் தையல் மிஷின் டிராயரில், பாபினுக்கும் உடைந்த சாக்குக்கட்டிக்கும் நடுவில் கிடக்கிறது. தூக்கிப் போட வேண்டும் என்று பலமுறை எடுத்து, வேறு எதையோ தூக்கிப் போட்டுவிட்டு அதை மறுபடியும் உள்ளே வைத்திருக்கிறேன்.

இங்கே கே.கே. நகரில் எதிர்வீட்டுப் பெண் மொட்டைமாடியில் கோழி வளர்க்க ஆரம்பித்திருக்கிறாள். யாரோ கொடுத்தார்கள் என்று ஒரு பெரிய கோழி, ஆசைப்பட்டு வாங்கியது என்று இரண்டு சின்னது. போன வாரம் ஓடி வந்தாள். "ஆன்ட்டி, பெருசு சின்னத முதுகெல்லாம் புண்ணாக்கி வச்சிருக்கு ஆன்ட்டி, பாக்கவே முடியல" என்றாள். டிராயரைத் திறந்து அந்தக் காக்கித் துண்டை எடுத்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு போனில் படம் எடுத்துக்கொண்டாள். எப்படி வளர்த்தீர்கள், ஒன்றை ஒன்று கொல்லாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டாள். முறையை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மீதிக் கதையைச் சொல்லவில்லை. கல்யாணமாகி ஆறு மாதம் ஆன பெண்ணிடம் போய் அதைச் சொல்லுவார்களா?

முறை என்னுடையதில்லை, மதினியுடையது. மதினி என் அண்ணன் பெண்டாட்டி. பரவைக்கு மேற்கே ஒரு சின்ன ஊரிலிருந்து எங்கள் அவனியாபுரம் வீட்டுக்கு வாழ வந்தவள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூப்பு. எழுபதுகளின் நடுவில் கல்யாணம். மறுவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது பலகாரக் கூடையோடு இன்னொரு ஓலைக்கூடையும் வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கோழி தலையை நீட்டி எங்கள் அம்மாவைப் பார்த்துக் கத்தியது. "ஆத்தாடி, மருமகளுக்கு முந்தி அவ கோழி அதட்டுதே" என்று அம்மா சொல்ல, மதினி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தால் தோள் குலுங்கும், சத்தம் வராது. அந்த வீட்டில் அவள் சிரித்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இப்போது நான் ஒருத்திதான் சாட்சி.

அந்தக் கோழி சிறுவிடை. எங்கள் பக்கத்தில் நாட்டுக்கோழியை அப்படித்தான் பிரிப்பார்கள். கையில் அடங்குகிற சின்ன உருவம் சிறுவிடை, கால் உயரமாக, கழுத்து நீளமாக, ஆளை எதிர்த்து நிற்கிற மாதிரி இருப்பது பெருவிடை. பிறகு அண்ணன் நாமக்கல் பக்கம் லோடு போன இடத்திலிருந்து இரண்டு வெள்ளை லக்கான் கோழிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தான். பண்ணைக் கோழி. முட்டை போடும், அடை காக்கத் தெரியாது. "பெத்துப் போட்டுட்டு வேலைக்குப் போற டவுன்காரி மாதிரி" என்று மதினி அவற்றைக் கேலி செய்வாள். சிறுவிடைக்குக் குஞ்சுகள் ஆயின, குஞ்சுகள் கோழிகளாயின. கொல்லையில் சின்னது, நடுத்தரம், பெரிது என்று எல்லாம் கலந்து மேய்ந்தன.

கலந்து மேய்ந்தன என்று எழுதுவது சுலபம். லக்கான் ஒரு கொத்துக் கொத்தினால் குஞ்சு எழுந்திருக்காது. மதினி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தை நான்கு கல்லின் மேல் தூக்கி வைப்பாள். அடியில் குஞ்சும் சிறுவிடையும் குனிந்து நுழைகிற அளவுக்குச் சந்து இருக்கும். குருணையை அதற்குள் போடுவாள். பெரியவை சுற்றிச் சுற்றி வந்து கம்புச் சந்தில் மூக்கை விட்டுப் பார்க்கும், ஒன்றும் எட்டாது. அவற்றுக்குக் கொல்லையின் அந்தக் கோடியில் தனியாகத் தவிடு பிசைந்து வைப்பாள். தண்ணீரை உடைந்த சட்டியில் ஊற்றி, குஞ்சு விழுந்து சாகாமலிருக்கக் கூழாங்கல் போட்டு வைப்பாள். "ஒரு சட்டியில போட்டா வலுத்தது திங்கும், எளச்சது பாக்கும். சண்டைய வெலக்கிட்டே இருக்க முடியுமாத்தா? சண்டை வராத மாதிரி வைக்கணும்" என்பாள். புதுக்கோழி வந்தால் எல்லாம் கண்மூடி இருக்கும் கருக்கலில் கொண்டுபோய் நடுவில் விடுவாள். விடிந்து பார்க்கும்போது அதுவும் கூட இருந்தது என்று நினைத்துக்கொள்ளுமாம். பாதி நாள் அந்த ஏமாற்று பலிக்கும்.

கோழி பெருகிய அளவுக்கு மதினிக்கு மடி நிறையவில்லை. முதல் பிள்ளை பிறக்கும்போதே இல்லை. இரண்டாவது பிறந்து, பால் குடித்து, ஒரு வாரம்கூட இருக்கவில்லை. மூன்றாவது உண்டானபோது அம்மா கோடாங்கியை வரவழைத்தாள். இதில் அம்மாவை மட்டும் சொல்லக்கூடாது. மதினியும்தான் கேட்டாள். அண்ணனும் சரியென்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, என்னை யாரும் கேட்கவுமில்லை. கோடாங்கி உடுக்கையை அடித்து, ஆடி, கண்ணைத் திறக்காமல் சொன்னார். குலசாமிக்கு ஒரு செஞ்சேவல் நேர்ந்துவிட வேண்டும். கடையில் வாங்கக் கூடாது, அந்த வீட்டிலேயே பொரித்து வளர்த்ததாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு முதல் மொட்டை போடுகிற அன்று சாமிக்குக் கொடுக்க வேண்டும். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். "சேவலு எப்பிடியோ புள்ள அப்பிடி. சேவல நீ பாத்துக்க, புள்ளய நான் பாத்துக்கிறேன்னு சாமி சொல்லுது தாயி." மதினி இரண்டு கையையும் நீட்டித் திருநீறு வாங்கிக்கொண்டாள். அந்த வாக்கையும் அப்படித்தான் வாங்கிக்கொண்டாள்.

சாமிக்கென்றால் சும்மா ஒரு சேவலா கொடுப்பது? நல்ல வாட்டசாட்டமாக வேண்டும் என்று மதினி தன் தம்பியிடம் சொல்லிவிட்டாள். அவன் சேவல்கட்டுக்கு வளர்க்கிறவன், பெருவிடை முட்டைகள் கொண்டு வந்தான். அடைக்கு உட்காரத் தயாராக இருந்தது சிறுவிடைதான். மணல் பரப்பிய பழைய கூடையில் கரித்துண்டு, ஆணி, காய்ந்த மிளகாய் எல்லாம் இடிக்குக் காவலாகப் போட்டு, பெரிய முட்டைகளை அடுக்கி, அந்தச் சின்ன உடம்பை மேலே உட்கார வைத்தாள். எல்லா முட்டையும் அதன் வயிற்றுக்குள் அடங்கவில்லை. மூன்று நான்கு கூமுட்டையாயின. பொரித்ததில் பருந்துக்குப் போனதும் பூனைக்குப் போனதும் போக, செந்நிறத்தில் ஒரே ஒரு சேவல் தேறியது. அது தாயைவிடப் பெரிதாக வளர்ந்த பிறகும் ராத்திரியானால் தாயின் றெக்கைக்குள்தான் போகும். தலை மட்டும் உள்ளே, உடம்பு முழுக்க வெளியே. மதினி நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

குட்டி பிறந்தாள். கறுப்பாக, முடி அடர்த்தியாக, கையை இறுக்கி மூடிக்கொண்டு. ஒரு வாரம் தாண்டினாள், ஒரு மாதம் தாண்டினாள். சேவலின் காலில் மஞ்சள் துணி கட்டி முறைப்படி நேர்ந்துவிட்டார்கள்.

நேர்ந்துவிட்ட சேவல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதை விற்கக் கூடாது. அடைக்கக் கூடாது. கட்டக் கூடாது. விரட்டிக் கல்லெடுத்து எறியக் கூடாது. வைதால்கூடக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். வேறு வீட்டில் கொண்டுபோய் விடவும் கூடாது. அதற்கு இது தெரிந்திருந்ததோ என்னவோ, ராஜாவாக நடந்தது. கல்லின் மேலிருந்த பஞ்சாரத்தைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டுக் குஞ்சுகளின் குருணையைத் தின்றது. லக்கான்கள் இரண்டும் அதைக் கண்டால் விறகுக் குவியலுக்குப் பின்னால் போய்விடும். சிறுவிடைகள் பாடுதான் பெரும்பாடு. அந்தக் கனத்த உடம்பு மேலே ஏறினால், முள்ளு நகம் முதுகில் கிழித்துத் தோல் தொங்கும். அதை அடைகாத்துப் பொரித்த தாய்க்கோழிக்கும் அதே கதி. ஒரு நாள் கோபத்தில் நான் விளக்குமாற்றை ஓங்கிவிட்டேன். மதினி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏத்தா, வேணாம்த்தா. அத அடிச்சா குட்டிக்குப் படும்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் விளக்குமாற்றைக் கீழே போடும்வரை கையை விடவில்லை.

சேவலை ஒன்றும் செய்யக் கூடாதென்றால் கோழிக்குத்தான் ஏதாவது செய்ய வேண்டும். அப்படி வந்ததுதான் ரவிக்கை. நான் அப்போது வீட்டிலேயே தையல் எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மதினி ஒரு கோழியை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, இஞ்சு டேப்பை வைத்து அளவெடுத்தேன். முதலில் சீட்டித் துணியில் தைத்தேன், இரண்டே நாளில் கிழிந்தது. பிறகுதான் காக்கி. காக்கி மாட்டிய கோழிகள் கொல்லையில் வரிசையாகப் போவதைப் பார்த்து, "என்னத்தா, போலீஸ்காரியெல்லாம் ரவுண்டு வாராளுக?" என்று அண்ணன் சிரித்த சிரிப்பில் குட்டி பயந்து அழுதாள். ரவிக்கைக்குத் துணி கொடுத்திருந்த தெருப் பெண்கள், "கோழிக்கெல்லாம் தச்சு முடிச்சிட்டுத்தான் எங்களுக்கா?" என்று என் மானத்தை வாங்கினார்கள். புண்கள் ஆறின. சிறுவிடைகள் மறுபடி முட்டை விட்டன. அந்த மாசி மாதம் எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருந்தோம்.

பங்குனியில் மொட்டை என்று வைத்திருந்தோம். அதற்குள் பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் செத்துப்போனார். தீட்டு. அந்த வருஷம் குலசாமி கோயில் வாசலை மிதிக்க முடியாது. எல்லாம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிற்று. சேவல் கொல்லையிலேயே நின்றது. இன்னும் ஒரு வருஷம் இதைக் கட்டி மேய்க்க வேண்டுமா என்று எனக்கு எரிச்சல். மதினிக்குப் பயம். ஒரு வருஷம் சேவலைச் சாகாமல் வைத்திருக்க வேண்டுமே என்கிற பயம்.

சித்திரையில் வெள்ளைக் கழிச்சல் வந்தது. கோழி வளர்க்கிற ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை. ஒரு தெருவில் விழுந்தால் அடுத்த தெருவுக்கு வர அதிக நாள் ஆகாது. காலையில் தூங்கி விழுகிற மாதிரி நிற்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைப் பிளந்து மூச்சு விடும், அவ்வளவுதான். லக்கான் இரண்டும் முதலில் போயின. பிறகு குஞ்சுகள். மதினி வெங்காயமும் மிளகும் மஞ்சளும் கீழாநெல்லியும் அரைத்து உருண்டை பிடித்து ஒவ்வொன்றின் வாயைப் பிளந்தும் திணித்தாள். ஒரு பக்கம் திணிக்கத் திணிக்க மறுபக்கம் விழுந்தன. தாய்க்கோழி காக்கி ரவிக்கையோடேயே செத்துக் கிடந்தது. நான் நாடாவை அவிழ்த்து ரவிக்கையை எடுத்துக்கொண்டு கோழியைக் குப்பைமேட்டில் புதைத்தேன்.

அப்புறம் சேவல் படுத்தது.

மதினி அதை வீட்டுக்குள் தூக்கி வந்துவிட்டாள். சேலையில் தொட்டில் கட்டியிருந்த இடத்துக்குக் கீழே சாக்கை விரித்துப் படுக்க வைத்தாள். கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, தலை தரையில் உரச, கண் மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. அதற்கு மறுநாள்தான் குட்டிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கோழியால் வந்ததா, குழாய்த் தண்ணீரால் வந்ததா, சித்திரை வெயிலா, எனக்குத் தெரியாது. அந்த வருஷம் எத்தனையோ வீட்டில் பிள்ளைகளுக்கு வந்தது. மதினிக்கு மட்டும் எதனால் என்பதில் சந்தேகமே இல்லை. சேவல் படுத்தது, பிள்ளை படுத்தது. சேவலை எழுப்பினால் பிள்ளை எழுந்துவிடும். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள், வசம்பு உரைத்தாள், மந்திரித்துக் கயிறு கட்டினாள். மதினி ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு மறு கையால் சேவலின் அலகைப் பிரித்துத் துணியை நனைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். அந்தக் கை சோர்ந்து நான் பார்க்கவில்லை. எந்தத் தாயும் எந்தப் பிள்ளையையும் அதற்கு மேல் பார்த்துக்கொள்ள முடியாது. இடம்தான் மாறிப்போயிற்று.

அண்ணன் வடக்கே லோடு போயிருந்தான். எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாது. வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள்தான்.

இரண்டாம் நாள் விடிகாலையில் சேவல் எழுந்தது. கழுத்துத் திருகல் போகவில்லை. ஆனால் தள்ளாடி எழுந்து, சுவரில் சாய்ந்து நின்று, கூவவும் பார்த்தது. மதினி, "அத்தை! அத்தை! எந்திருச்சிருச்சு அத்தை!" என்று கத்தினாள். அம்மா சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். நான் தொட்டிலுக்குள் பார்த்தேன். குட்டியின் கண் உள்ளே போயிருந்தது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. கிள்ளினால் தோல் கிள்ளியபடியே நின்றது.

"மதினி, புள்ள கண்ணு உள்ள போயிருச்சு. கெளம்புங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"சேவலு எந்திருச்சிருச்சுத்தா. இனி ஒண்ணுமில்ல."

"சேவலு கெடக்கட்டும் மதினி! புள்ளயப் பாருங்க!"

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அம்மா என்னைப் பார்த்து, "கல்யாணமாகாத குமரி, உனக்கு என்ன தெரியும்? பொழுது சாய்ற வரைக்கும் பாப்போம்" என்று அடக்கினாள். நான் சும்மா இருக்கவில்லை. மறுபடி சொன்னேன், தெருவுக்குக் கேட்கச் சொன்னேன், சண்டை போட்டேன். நான் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் உடுக்கை அடித்துச் சொன்ன வாக்குக்கு எதிரில் தையல்காரியின் வார்த்தைக்கு என்ன மதிப்பு?

மத்தியானத்துக்கு மேல் குட்டியின் அழுகை நின்றது. தூங்குகிறாள் என்று அம்மா சொன்னாள். நான் தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கேட்காமல், செருப்புக்கூடப் போடாமல் பஸ்ஸுக்கு ஓடினேன். மதினி பின்னாலேயே ஓடி வந்தாள். பஸ்ஸில் மதினி பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். வில்லாபுரம் தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. மதினிக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டுக் காதிலிருந்து எடுத்த பிறகும், "சேவலு எந்திருச்சிருச்சு சார், காலைலயே எந்திருச்சிருச்சு" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் என்னைப் பார்த்தார். என்ன சேவல் என்று கேட்கவில்லை.

அண்ணன் வந்தபோது எல்லாம் முடிந்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. லாரித் தட்டில் சிந்திய மக்காச்சோளத்தைக் கூட்டி அள்ளி, கோழிக்கென்று ஒரு பை நிறையக் கொண்டு வந்திருந்தான். அதைக் கீழே வைக்கத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கொல்லைக்குப் போனான், அரிவாளை எடுத்தான். அம்மா குறுக்கே விழுந்தாள். சாமி சொத்தில் கை வைத்தால் வம்சமே இல்லாமல் போய்விடும் என்று கதறினாள். எந்த வம்சம் என்று அண்ணன் கேட்டான். அதற்கு மேல் அவனும் ஒன்றும் செய்யவில்லை. அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு லாரிக்கே திரும்பிப் போய்விட்டான். அவன் குடிக்க ஆரம்பித்தது அந்த நடையில்தான்.

அந்தச் சேவலை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளை இல்லை, மொட்டை இல்லை, அதனால் சாமிக்குக் கொடுக்க வழியில்லை. நேர்ந்துவிட்டது, அதனால் விற்க வழியில்லை, அறுத்துத் தின்ன வழியில்லை. தீட்டு கழிந்ததும் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "எப்பிடியும் அவருக்குன்னு விட்டது. கொண்டுபோயிக் குடுத்துருவோம்த்தா. அடுத்ததாவது நெலைக்கட்டும்." மதினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமல் சொன்னாள். "என்னையப் பாத்துக்கச் சொன்னத நான் பாத்துக்கிட்டேன் அத்தை. அவரு பாத்துக்கிறேன்னதத்தான் அவரு பாக்கல." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அம்மா எடுக்கவில்லை. அவள் சாகும்வரை குலசாமி கோயிலுக்குப் போய் வந்தாள். மதினி அந்தப் பக்கமே போகவில்லை. நான் போவேன், கும்பிட மாட்டேன், போய் நின்று பார்த்துவிட்டு வருவேன். இப்படி எழுதினால் அடிக்க வருவார்கள். வரட்டும்.

கழிச்சலுக்குத் தப்பியது சேவலும் இரண்டு மூன்று சிறுவிடைகளும்தான். அதற்குப் பிறகு கொல்லையில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சேவலின் கழுத்து கடைசிவரை நிமிரவில்லை. தானியத்தைக் குறிவைத்துக் கொத்தும், அலகு நான்கு விரற்கடை தள்ளி மண்ணில் போய் விழும். அதற்குள் சிறுவிடைகள் அதன் காலுக்கடியில் நுழைந்து பொறுக்கிவிடும். கொஞ்ச நாளில் அவற்றுக்குத் துணிச்சல் வந்து, அதன் கொண்டையைக் கொத்தி ரத்தம் வரவழைத்தன. மதினி பஞ்சாரத்தை எடுத்துச் சேவலின் மேல் கவிழ்த்தாள். குஞ்சுகளைப் பெரியதிடமிருந்து காப்பாற்றிய அதே வழி, இப்போது பெரியதைச் சின்னவற்றிடமிருந்து. உள்ளே கையை விட்டு, சோளத்தை இடித்துப் பிசைந்து, உருட்டி, அலகைப் பிடித்து ஊட்டுவாள். காலை, மாலை, தவறாமல். அது நன்றாகத் தின்று கொழுத்தது.

எனக்கு வயிறு எரியும். பொறுக்காமல் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "அத எதுக்கு மதினி ஊட்டி வளக்குறீங்க? பட்டினி கெடந்து சாகட்டுமே." அவள் என்னைக் கோபிப்பாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. விரலில் ஒட்டியிருந்த மாவை வழித்துக்கொண்டே, ரகசியம் சொல்வதுபோல, "சேவலு எப்பிடியோ புள்ள அப்பிடின்னாருல்லத்தா" என்றாள். "இது இன்னும் இருக்குல்ல." வேண்டாம் மதினி, அப்படி நினைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். எந்த வாயால் சொல்வது? அதை எடுத்துவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம்?

இப்போது அவனியாபுரத்தில் அந்த வீடு இருந்த இடத்தில் வண்டி ரிப்பேர் பார்க்கிற பட்டறை இருக்கிறது. அண்ணன் போய்ப் பல வருஷம் ஆகிறது. மதினி என்னோடுதான் இருக்கிறாள், உள்ளறையில். அவளுக்கு அடுத்ததென்று ஒன்று நிலைக்கவே இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், டிவி பார்க்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். எதிர்மாடியில் கோழி கத்தினால் ஜன்னலைச் சாத்துவாள், அவ்வளவுதான். கடையில் உரித்துத் தொங்கவிட்ட கோழியெல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருக்கின்றன. சின்னதும் பெரியதும் ஒன்றை ஒன்று என்ன செய்யும் என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருக்கிறது. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்கிறவர்களை என் வீட்டுக்குள் விடமாட்டேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த வருஷம், ஒரு மழைநாள் காலையில் அந்தச் சேவல் செத்தது. நோயெல்லாம் இல்லை, வயதாகிச் செத்தது. மதினி வழக்கம்போல மாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போய்ப் பஞ்சாரத்துக்குள் கையை விட்டிருக்கிறாள். நான் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு சத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் அவள் அழவில்லை. பிள்ளையை எடுத்துக்கொண்டு போனபோது அழவில்லை, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பிள்ளைக்கு ஒப்பாரி வைக்கக் கூடாது என்று பெண்களும் சும்மா இருந்துவிட்டார்கள். அது எல்லாம் சேர்ந்து அன்று வந்தது. கொல்லையில் மழைத்தண்ணீரில் உட்கார்ந்து, சேவலை மடியில் போட்டுக்கொண்டு, மார்பில் அடித்துக்கொண்டு, ஒரு பெயரைச் சொல்லி அழுதாள். அந்தப் பெயரை அதற்குமுன் நான் கேட்டதே இல்லை. மொட்டை போடுகிற அன்றுதான் பெயர் வைக்க வேண்டும், முன்னால் வைத்தால் இதுவும் தங்காது என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால்தான் குட்டி. மதினி மனதுக்குள் ஒரு பெயரை எடுத்து வைத்திருந்திருக்கிறாள். அண்ணனுக்கும் தெரியாது.

தெருவில் பாதிப்பேர் கூடிவிட்டார்கள். பழைய ஆட்களுக்குப் புரிந்தது, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த அம்மாள் மட்டும் என் பக்கத்தில் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏம்மா, ஒரு சேவலுக்குப் போயா இம்புட்டு அழகான பேரு வச்சிருந்தாக?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.